இடது முன்சில்லு

அந்த வீட்டில் இரண்டு கிழமையாக ஒருவரும் நிம்மதியாக மூச்சு விடவில்லை. விட்டது கார் மட்டும்தான்.

காரிலும் ஒரே ஒரு சில்லு. இடது முன்சில்லு.

விடியற்புறம் கமலாசனி முற்றம் கூட்ட வந்தபோது, பழைய ஒஸ்ரின் கார் முள்ளுக் குத்திய மாடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் சப்பளிந்து மணலில் கிடந்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

இன்றைக்குமா?

இன்றைக்குப் பொன்னுருக்கு. புதுக்குடியிருப்பில், அவள் பிறந்த வீட்டில், உச்சிப்பொழுதுக்கு முன் நல்லநேரம். மாப்பிள்ளை அவளுடைய தம்பி பஞ்சாட்சரம். பெண், அவளுடைய புருஷனின் தங்கை விமலேஸ்வரி. கமலாசனியை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தபோதே பெரியவர்கள் பேசி வைத்த மாற்றுச் சம்பந்தம். தாலிக்குரிய பொன் உருகிவிட்டால் அதன்பிறகு யாரும் கலியாணத்தை நிறுத்த முடியாது. உருகும்வரை நிறுத்தலாம்.

நிறுத்தப்போகிறேன் என்று நிற்பவன் அவளுடைய புருஷன் யோகலிங்கம்.

"பார்த்தியே உன்ர தம்பியின்ர வேலையை?"

பின்னால் அவன்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் வேப்பங்குச்சியோடு நின்றான்.

"அவன் அங்கை, நாங்கள் இஞ்சை," என்றாள் கமலாசனி. "முப்பது கட்டை தூரத்துக்கு மேலை ராத்திரியிலை வந்து காத்தைத் திறந்து விட்டிட்டுப் போனவனோ?"

"சைக்கிள் கடை வைச்சிருக்கிறவனுக்குச் சைக்கிள் உழக்கத் தெரியாதோ?"

அவள் குனிந்து விளக்குமாற்றை எடுத்தாள்.

அவன் கோபப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விமலேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு கூறைச்சேலை எடுக்க வவுனியாவுக்குப் போன அன்று, ஓமந்தைக்குக் கிட்ட ஒரு வளைவில் கார் திடீரென்று இடது பக்கம் இழுத்தது. யோகலிங்கம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினான். கார் கேட்கவில்லை. றோட்டை விட்டு இறங்கி ஒரு பாலை மரத்தில் போய் முட்டி நின்றது. முன்லைற் போயிற்று. மாமா, யோகலிங்கத்தின் தகப்பன் ஏரம்புவின் நெற்றி பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. சேலையை இன்னொரு நாள் பஸ்ஸில் போய்த்தான் எடுத்தார்கள். பார்த்தால் இடது முன்சில்லில் பாதிக் காற்றுத்தான் இருந்தது. டியூப்பைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லையென்றால் கை. யாருடைய கை?

அடுத்த கிழமை பஞ்சாட்சரம் வீட்டுக்கு வந்தான், தாய் கொடுத்துவிட்ட வடகத்தோடு. மறுநாள் இவர்கள் கிளிநொச்சிப் பக்கத்து உறவுகளுக்குக் கலியாணம் சொல்லப் போக இருந்தார்கள். வயலால் திரும்பிய யோகலிங்கம், மச்சான் இடது முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததைக் கண்டான். வால்வு மூடி அவன் விரல்களுக்கிடையில் இருந்தது.

"என்ன செய்யிறாய்?"

"சும்மா, காத்துப் பார்த்தனான் அத்தான்."

முகம் கறுத்துப்போய், தேத்தண்ணிக்கும் நிற்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். பொழுதுபட முதல் யோகலிங்கம் போய்ப் பார்த்தால், டயர் நிலத்தில் கிடந்தது.

அதற்கு மேல் அவனுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. கமலாசனியின் தாய் அன்னபாக்கியம் இந்தக் காரைச் சீதனமாகக் கேட்டதும், அவன் ஏலாது என்றதும் ஊருக்கே தெரியும். "கார் கிடைக்கேல்லை எண்டு காத்தை எடுக்கிறான்" என்று சந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தான். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இல்லை.

இப்போதும் இல்லை. வேப்பங்குச்சியைத் துப்பினான்.

"கமலா, கேட்டுக்கொள். பொன் உருக்கிற பத்தர் நெருப்பு ஊத முதல், சபைக்கு முன்னாலை அவனைக் கேப்பன். என்ர முகத்தைப் பார்த்து மறுமொழி சொல்லட்டும். சொல்லேலாட்டில் காரைத் திருப்புவன். பிறகு நீ உன்ர கொம்மா வீட்டுப் படி மிதிக்கிறேல்லை. அவையும் இந்தப் படலை திறக்கிறேல்லை."

சொன்னால் செய்கிற ஆள். அதுதான் அவளுக்குப் பயம்.

கொட்டிலுக்குள் இருந்து கால் பம்பை எடுத்து வந்து மிதிக்கத் தொடங்கினான். டயர் மெல்ல மெல்ல எழும்பியது. காற்று அளக்கிற கோலை வால்வில் குத்திப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் மிதித்தான், திரும்பவும் குத்தினான். கோபத்திலும் அந்தக் கணக்கில் மட்டும் அவன் பிசகமாட்டான்.

விமலேஸ்வரி தேத்தண்ணியோடு வந்தாள். பெண் பொன்னுருக்குக்குப் போகும் வழக்கமில்லை. பக்கத்து வளவு வடிவம்மா துணைக்கு வந்திருக்க, அவள் வீட்டில் நிற்பதாக ஏற்பாடு.

"உந்த டயரோடை அவ்வளவு தூரம் போகாதேங்கோ அண்ணா."

"உனக்காகத்தானடி போறம்."

"எனக்காகப் போக வேண்டாம்."

வடிவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெக்கத்தைப் பார்" என்றாள். கமலாசனிக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து வந்த ஒரே சிரிப்பு.

ஏரம்பு ஏற்கெனவே பின்சீற்றில் ஏறியிருந்தார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றியில் பிளாஸ்ரர். "வெயில் ஏறுது, வெளிக்கிடுங்கோடா" என்று உள்ளேயிருந்து அதட்டினார். பெண்ணைப் பெற்றவர் இல்லாமல் பொன் உருகாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

புளியங்குளம் சந்தியில் யோகலிங்கம் காரை ஓரங்கட்டினான். வீரையாவின் டயர்க் கடை. நாலு கம்பு, மேலே தகரம், பாதியாக வெட்டிய பீப்பாயில் தண்ணீர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்தவன் வீரையா. வந்த நாளிலிருந்து சந்தியை விட்டு அசைந்ததில்லை. வாய் ஓய்ந்ததுமில்லை.

"ஆதாரத்தோடை போவம்" என்றான் யோகலிங்கம். "கழட்டு."

வீரையா சில்லைக் கழற்றினான். டியூப்பைக் காற்றடித்துப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்கி, சுற்றிச் சுற்றித் திருப்பினான். மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தான். அதுவும் பொங்கவில்லை.

"ஓட்டை இல்லீங்க. வால்வும் சுத்தம். யாரோ தொறந்து விட்டிருக்காங்க."

"அதை எனக்குச் சொல்ல நீ தேவையில்லை."

"முழுசாத் தொறந்துவிட்டா நல்லதுங்க" என்றான் வீரையா, டயருக்குள் கையை விட்டு முள், ஆணி ஏதும் இருக்கிறதா என்று தடவிக்கொண்டே. "வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. அரைகுறையாப் போனாத்தான் ஆபத்து. ஓட்டுறவருக்குத் தெரியாது. வளைவுல இழுத்துரும்."

"ஓமந்தையிலை இழுத்த மாதிரி" என்றான் யோகலிங்கம், கமலாசனியைப் பார்த்து.

அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். ஓமந்தையில்தான் பாதி. அதற்குப் பிறகு ஒருநாளும் பாதியில்லை. நிலத்தில் அடித்துப் போட்ட மாதிரி முழுதாகத்தான் கிடந்தது. கெடுதல் செய்கிறவன் அப்படி ஏன் செய்கிறான்? யோசனை அவ்வளவோடு அறுந்துபோயிற்று.

வீரையா எழும்பிக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்சில்லுகளுக்கு முன்னால் நின்று உள்ளங்கையால் தடவினான்.

"இதைப் பாத்தீங்களா? நடுவுல வெட்டு நல்லா நிக்குது. ரெண்டு ஓரமும் மொட்டை. காத்துக் கூடினா நடு தேயும். கொறைஞ்சா ஓரம் தேயும். இது ரெண்டும் ரொம்ப நாளாக் கொறைவா ஓடியிருக்குங்க."

"கிழமைக்குக் கிழமை காலமை அளந்து அடிக்கிறனான்."

"அப்ப டயரு பொய் சொல்லுதுங்க."

யோகலிங்கம் குனிந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் இன்னும் இறுகியது. வீரையா அந்த நேரம் பார்த்து, "ரீபில்ட் டயர் ரெண்டு கெடக்கு, போட்டு உட்டுருவோமா? புதுசு மாதிரியே இருக்கும்" என்றான்.

"மாதிரி இருந்தால் காணாது. நீ இதைப் பூட்டு." பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "பின்சில்லிலையும் கை வைச்சிருக்கிறான்."

"கனநாளாய் எண்டெல்லோ வீரையா சொல்லுறார்" என்றாள் கமலாசனி. "அம்மா காரைக் கேட்டது இப்ப, இந்த வைகாசியிலை. அதுக்கு முந்தித் தம்பி ஏன் காத்து விடுறான்?"

யோகலிங்கம் நட்டுகளைத் தானே இறுக்கினான். ஒன்றை இறுக்கி, அடுத்ததை விட்டு, நேர் எதிரே உள்ளதை இறுக்கினான். அந்தக் கேள்வி அவனையும் குழப்பிவிட்டது என்று கமலாசனிக்கு விளங்கியது. குழப்பம் வந்தால் அவன் மௌனமாகிவிடுவான். மௌனம் கலைந்தால் முன்னிலும் மோசமாக வெடிப்பான்.

நெடுங்கேணி தாண்டியதும் றோட்டு என்ற பெயரில் கிடங்குகளும் அவற்றுக்கிடையே கொஞ்சம் தாரும் கிடந்தன. இரண்டு பக்கமும் காடு. காற்று அடுப்படியிலிருந்து வருவது போல அடித்தது. ஒட்டுசுட்டானுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது கார் தண்ணீர் கேட்டது. யோகலிங்கம் ஒரு மர நிழலில் நிறுத்தி, தகரத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினான். ஏரம்பு கால் ஆற வேண்டும் என்று கதவைத் திறந்து பின்பக்கம் போனார்.

கமலாசனி முன்சீற்றில் கண்ணை மூடியிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

உஸ்ஸ்ஸ்.

பாம்பு என்றுதான் முதலில் நினைத்தாள். இறங்கிப் பின்னால் போனாள். பெண்ணைப் பெற்றவர் சால்வையைத் தோளில் ஏற்றிவிட்டு, பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஓர் ஈர்க்கால் வால்வை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதை பிள்ளை. காத்துத் திறந்து விடுறன்."

"ஏன்?"

"தொட்டுப் பார். கொதிக்குது. வெயிலுக்குக் காத்துப் பொங்கும். பொங்கினால் வெடிக்கும். சோத்துப்பானை பொங்கினால் நீ மூடியைத் திறக்கிறேல்லையே?"

தண்ணீர்த் தகரத்தோடு ஏறி வந்த யோகலிங்கம் அப்படியே நின்றான்.

"எப்ப இருந்து ஐயா?"

"எப்ப இருந்தெண்டால்? கார் வாங்கின நாளிலை இருந்து. நீ தண்ணிக்குப் போவாய், வெத்திலைக்குப் போவாய். நான் இறங்கித் திறந்து விடுவன். ஒருநாளாவது பின்சில்லு வெடிச்சதோ? இல்லை. ஆராலை? என்னாலை."

தகரத்தை யோகலிங்கம் கீழே வைத்தான். "ஐயா, காத்து அளக்கிறது காலமை, டயர் குளிர்ந்து கிடக்கேக்கை. ஓடினால் சூட்டுக்கு ஏறத்தான் செய்யும். ஏறும் எண்டு தெரிஞ்சுதான் அந்த அளவு வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் சூட்டிலை திறந்து விட்டால், ஆறினாப்பிறகு குறைஞ்சு போய்க் கிடக்கும். குறைஞ்ச டயர் உருள உருள மடங்கும். மடங்க மடங்கச் சூடு கூடும். அப்பதான் வெடிக்கும்."

"சூடு கூடினால் இன்னும் கொஞ்சம் திறந்து விடுறது."

யோகலிங்கம் வானத்தைப் பார்த்தான். கமலாசனிக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மாமா. எல்லாம் மாமா. தம்பி இல்லை.

"கேட்டியளே?" என்றாள். "ஓமந்தையிலை நடந்ததும் இதாலைதானே? இனி என்ர தம்பியிலை பழி போடாதேங்கோ."

ஏரம்புவின் கை தானாக நெற்றிப் பிளாஸ்ரரைத் தடவியது.

"ஓமந்தையிலை இழுத்தது முன்சில்லெல்லோ" என்றார் மெதுவாக. "முன்சில்லை நான் தொடுறேல்லை."

"மாமா?"

"பாரம் முழுக்கப் பின்னுக்கு. முன்னுக்கு ஏன் பொங்கும்? நான் தொட்டதில்லை பிள்ளை. ஒட்டுசுட்டான் ஈசன் அறிய, தொட்டதில்லை."

மூன்று பேரும் இடது முன்சில்லைப் பார்த்தார்கள். பிறகு யோகலிங்கம் டிக்கியைத் திறந்து கால் பம்பை எடுத்தான். "பின்சில்லு ஐயா. முன்சில்லு அவன்" என்றான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெயிலில் மிதிக்கத் தொடங்கினான்.

கமலாசனி திரும்பப் போய்க் காருக்குள் இருந்தாள். தம்பி இல்லை, மாமா இல்லை என்றால் வேறு யார்? பேயா? தான் முற்றம் கூட்டும்போது விளக்குமாறு வால்வில் பட்டிருக்குமோ என்றுகூட யோசித்தாள். பட்டால் போகுமா? ஒருநாள் போகலாம். மூன்று தரம்?

நல்லநேரம் முடிய இன்னும் அதிகம் இல்லை.

புதுக்குடியிருப்பு வீட்டு வாசலில் தாய் அன்னபாக்கியம் கைச்செம்போடு நின்றாள். "பொன்னுருக்குக்கு வாறியளோ, செத்தவீட்டு அந்தியேட்டிக்கு வாறியளோ? எவ்வளவு நேரம்?"

யோகலிங்கம் செம்பை வாங்கவில்லை. கால் கழுவவும் இல்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு பந்தலுக்குள் போய், இருக்கச் சொன்ன பாயில் இராமல், கப்புத் தூணில் சாய்ந்து நின்றான். பத்தர் கும்பத்துக்கு முன்னால் தணல் சட்டியை வைத்து ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனம் நிறைந்திருந்தது.

கமலாசனி நேரே அடுப்படிக் குசினிக்குப் போனாள். பட்டு வேட்டியோடு பஞ்சாட்சரம் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். கதவைச் சாத்தினாள்.

"எனக்கு ஒண்டை மட்டும் சொல்லு. அண்டைக்குச் சில்லுக்குப் பக்கத்திலை இருந்து என்ன செய்தனீ?"

"காத்து அடிச்சனான்."

"அடிச்சனியோ, விட்டனியோ?"

"அடிச்சனான் அக்கா. கொட்டிலுக்குள்ளை கிடந்த பம்பை எடுத்து அடிச்சு, பம்பைத் திருப்பி வைச்சிட்டு, மூடியைப் பூட்டேக்கை அத்தான் வந்திட்டார்."

"இதை அவரிட்டைச் சொல்ல உனக்கு என்ன வாயிலை?"

அவன் செம்பைக் கவிழ்த்து வைத்தான். "சொன்னால், முதல் விட்டது ஆர் எண்டு கேப்பார்."

"ஆர்?"

"படலையிலை சைக்கிளை நிப்பாட்டேக்கை கண்டனான். கொண்டை ஊசியாலை வால்வை அமத்திக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டா. கண்டும் கையை எடுக்கேல்லை. முழுக்க விட்டிட்டுத்தான் எழும்பி உள்ளுக்குப் போனா."

"ஆரடா?"

"விமலா."

வெளியே யாரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கமலாசனி கதவில் சாய்ந்துகொண்டாள்.

"பகிடிக்குச் செய்யிறா எண்டு நினைச்சன் அக்கா. அதுதான் அடிச்சு விட்டனான். நான் வெளிக்கிடேக்கை டயர் கல்லு மாதிரி இருந்தது."

"நீ போனாப்பிறகு அது நிலத்திலை கிடந்தது. பொழுதுபட முதல்."

பஞ்சாட்சரம் அவளைப் பார்த்தான். "அப்ப திரும்பவும் விட்டிருக்கிறா" என்றான். "அப்ப பகிடி இல்லை."

கமலாசனி பலகைக்கட்டையில் இருந்தாள். எங்கெங்கோ கிடந்தவை ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. கூறைச்சேலை எடுக்கப் போன நாள். சொந்தக்காரருக்குச் சொல்லப் போக இருந்ததற்கு முதல்நாள். இன்றைக்குப் பொன்னுருக்கு. யோகலிங்கம் காரை வாடகை ஓட்டத்துக்குக் கொண்டுபோன நாட்களில் அந்தச் சில்லுக்கு ஒன்றுமே நடந்ததில்லை. முதல்தரம் பாதிதான் விட்டாள், பாதி என்ன செய்யும் என்று தெரியாமல். தகப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அன்று அவள் அழுத அழுகையை, பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பாதி விடவேயில்லை. கார் அசையவே கூடாது என்று முழுதாக விட்டாள்.

'எனக்காகப் போக வேண்டாம்.' அதற்கு வடிவம்மா சிரித்தாள். தானும் சிரித்தாள்.

ஆனால் ஏன்? தம்பியைப் பிடிக்கவில்லையா? வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளா? கலியாணமே வேண்டாமா? தகப்பனை விட்டுப் போகப் பயமா? ஒரே வீட்டில் இத்தனை வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டவள், கமலாசனிக்கு ஒன்றுமே தெரியாது.

"அத்தான் கேக்கட்டும்" என்றான் பஞ்சாட்சரம். "நான்தான் விட்டனான் எண்டு சொல்லப்போறன். கார் தரேல்லை எண்ட கோபத்திலை செய்தனான் எண்டு சொல்லுவன். கலியாணம் குழம்பும். ஆனால் அவாவிலை ஒருத்தரும் பிழை பிடிக்க மாட்டினம்."

"எனக்கு இந்த வீட்டுப் படலை பூட்டுமடா."

"தெரியும் அக்கா. அதை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை."

கதவைத் தட்டினார்கள். அவன் சால்வையைச் சரிசெய்துகொண்டு போனான்.

பந்தலில் ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டார். வெற்றிலையில் வைத்த பொன் நாணயத்தைப் பஞ்சாட்சரத்தின் கையில் கொடுத்தார்கள். அவன் அதைப் பத்தரிடம் கொடுக்க வேண்டும். பத்தர் ஊதினார். தணல் சிவந்தது.

"பஞ்சாட்சரம்."

யோகலிங்கம் கப்பை விட்டு நிமிர்ந்தான். பேச்சுச் சத்தம் அடங்கியது.

"ஒரு கேள்வி. சபைக்கு முன்னாலை கேக்கிறன்."

"கேளுங்கோ அத்தான்." நாணயத்தை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

"என்ர காரின்ர இடது முன்சில்லு..."

"பத்தர், கொஞ்சம் ஊதாதேங்கோ."

எல்லாத் தலைகளும் திரும்பின. கமலாசனி குசினிப் பக்கத்திலிருந்து பந்தலுக்குள் வந்து நின்றாள். ஊதுகுழல் பத்தரின் உதட்டிலிருந்து இறங்கியது.

"நீ உள்ளுக்குப் போ" என்றான் யோகலிங்கம்.

"போறன். தம்பி உங்கட காருக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை. அதைப் பிறகு சொல்லுறன், தனிய வைச்சுச் சொல்லுறன்." அவள் புருஷனை விட்டுப் பத்தர் பக்கம் திரும்பினாள். "இப்ப இந்தப் பொன்னை உருக்க வேண்டாம். விமலாட்டை ஒருக்கால் கேக்க வேணும்."

"என்னத்தைக் கேக்க?"

"நாள் சரியோ எண்டு சாத்திரியாரைக் கேட்டம். சீதனம் காணுமோ எண்டு அம்மாவைக் கேட்டம். என்ன நிறச் சேலை வேணும் எண்டு கடைக்காரன்கூட அவளைக் கேட்டவன். இந்தக் கலியாணம் உனக்கு விருப்பமோ எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

"விசரே உனக்கு?" என்றாள் அன்னபாக்கியம், பல்லைக் கடித்துக்கொண்டு. "சனம் பார்க்குது. நேரம் போகுது."

"போகட்டும் அம்மா."

யோகலிங்கம் மனைவியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், திரும்ப மனைவியைப் பார்த்தான். ஏதோ விளங்குவது போலவும் உடனே விளங்காமல் போவது போலவும் அவன் முகம் மாறி மாறி வந்தது. இந்தக் கலியாணத்தை நிறுத்த வந்தவன் அவன். நிறுத்தக்கூடாது என்று வழி முழுக்க அவனோடு வாதாடியவள் நிறுத்திவிட்டாள்.

முன்வரிசைப் பாயிலிருந்து ஏரம்பு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். யாரும் அவரைக் கைபிடித்து விடவில்லை. எல்லாரும் சண்டை தொடங்கப்போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெத்தவன் நான்" என்றார். "நானும் கேக்கேல்லைத்தான்." சால்வையை உதறித் தோளில் போட்டார். "யோகு, காரை எடு. வீட்டை போய்க் கேட்டிட்டு வருவம்."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றான் யோகலிங்கம். ஆனாலும் அவன் கை மடியில் காரின் திறப்பைத் தேடியது.

சனம் வழிவிட்டது. கமலாசனி தம்பியைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் மாமாவுக்குப் பின்னால் நடந்தாள். விமலா என்ன சொல்லப்போகிறாள்? ஓம் என்றால் இந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? இல்லை என்றால்?

பத்தர் தணல் சட்டியைப் பார்த்தார். பிறகு பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

"நெருப்பை அணைக்கவோ, வைச்சிருக்கவோ?"

பஞ்சாட்சரம் உள்ளங்கையை விரித்து நாணயத்தை வெற்றிலையில் திரும்ப வைத்தான்.

"வைச்சிருங்கோ" என்றான்.